கன்ட்ரோல் அவுட் ஆனால் ரிப்போர்ட் நிற்க வேண்டும்: லேப் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

திங்கட்கிழமை காலை பயோகெமிஸ்ட்ரி பிரிவின் கதவில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் படித்தேன். இனி எந்தப் பரிசோதனைக்கும் காலையில் ஒரே ஒரு கன்ட்ரோல்தான், அதுவும் நார்மல் லெவல். அது அவுட் ஆனால், அதாவது எல்லையைத் தாண்டினால், மூன்று தடவை வரை திரும்ப ஓட்டலாம், ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் வேலையைத் தொடரலாம். ரிப்போர்ட் 60 நிமிடத்துக்குள் போயாக வேண்டும் என்பதால் டெக்னீஷியன் சரிபார்க்கும் கட்டம் எடுக்கப்பட்டு, மெஷின் கொடுக்கும் எண் நேரே வெளியாகும். வெளித்தர ஒப்பீட்டுக்கு, அதாவது பல லேப்களின் விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, வெளியிலிருந்து வரும் மாதிரிகளை இனிமேல் சீனியர்கள் இருவர் மட்டுமே தொட வேண்டும். கீழே கையெழுத்து, முத்திரை.

22 வருடமாக இந்த மெஷின்களோடுதான் இருக்கிறேன். துறைத் தலைமையிடம் பேசிப் பார்த்தேன். "மேலிடத்து முடிவும்மா, நான் என்ன பண்ண முடியும்?" என்றார். சரி, மேலிடத்துக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. கையை நீட்டி எங்களுக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்குத் திரைக்குப் பின்னால் என்ன குறைக்கப்படுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கன்ட்ரோல் என்பது விடை தெரிந்த சீரம். நோயாளியின் சாம்பிளை வைப்பதற்கு முன்னால் இதை மெஷினுக்குள் வைப்போம். தெரிந்த விடையைச் சரியாகச் சொல்கிற மெஷின் தெரியாத விடையையும் ஓரளவு சரியாகச் சொல்லும் என்று நம்புவோம். குறைந்தது 20 நாள் ஓட்டி, எங்கள் மெஷினுக்கான சராசரியையும் எஸ்.டி.யையும் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறும் என்ற அளவு) கணக்கிட்டு, தினசரி வரும் எண்ணை ஒரு சார்ட்டில் புள்ளியாக வைப்போம். இது நேற்று முளைத்த வழக்கம் அல்ல. 1924-ல் ஷூவர்ட் என்ற பொறியாளர் தொலைபேசிக் கருவித் தயாரிப்புக்காக யோசித்த வரைபடத்தை, 1950-ல் லெவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் மருத்துவ ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1947-ல், பெல்க், சண்டர்மேன் என்ற இருவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை லேப்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பி, வந்த விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஏற்கத்தக்க விடைகளைவிட ஏற்க முடியாதவையே அதிகம். அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்த பழக்கங்களைத்தான் உங்கள் சுற்றறிக்கை ஒரே பக்கத்தில் கழற்றிப் போடுகிறது.

நார்மல் லெவல் மட்டும் போதும் என்கிறீர்கள். அது ஏன் போதாது என்பதற்கு நம் லேபிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பிறந்த குழந்தைகளின் பிலிருபின், அதாவது மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி, பார்க்கும் மெஷினில் தினமும் இரண்டு கன்ட்ரோல் ஓடும். ஒன்று 1.0 மில்லிகிராம் அளவில் இருப்பது, இன்னொன்று 15.0. இரண்டாவதற்கு எங்கள் எஸ்.டி. 0.5. ஒரு வாரம் உயர் கன்ட்ரோல் இப்படி வந்தது: 14.6, 14.5, 14.3, 14.1. ஐந்தாம் நாள் 13.9. ஆறாம் நாள் 13.8. அந்த ஆறு நாளும் நார்மல் கன்ட்ரோல் சராசரிக் கோட்டை விட்டு அசையவேயில்லை, 1.0, 1.0, 1.1, 1.0 என்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண் ஒருத்தி, "அக்கா, இந்தப் புள்ளியெல்லாம் படிக்கட்டு மாதிரி இறங்குது, கொஞ்சம் பாருங்களேன்" என்று கூப்பிட்டாள். நாலாம் நாளே அவளுக்கு உறுத்தியிருக்கிறது. அன்று வரை எந்தப் புள்ளியும் 2 எஸ்.டி.யைத் தாண்டாததால் சொல்லத் தயங்கியிருக்கிறாள்.

முதலில் குப்பியைத்தான் சந்தேகப்பட்டோம். பிலிருபின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். யாராவது கன்ட்ரோலை ஜன்னலோரம் விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். புதுக் குப்பி ஒன்றை எடுத்து, கரைத்து, அலுமினியத் தாளில் சுற்றி வைத்து ஓட்டினோம். அதுவும் 13.8. கேலிபரேஷன் செய்து மெஷினின் அளவைத் திரும்பச் சரிப்படுத்தினோம், பெரிய மாற்றம் இல்லை. அதற்குப் பிறகுதான் நிறத்தின் அடர்த்தியை வெளிச்சத்தால் அளக்கும் போட்டோமீட்டரின் லேம்ப் நினைவுக்கு வந்தது. லேம்ப் மங்கும்போது உள்ளே சிதறித் திரியும் வெளிச்சத்தின் பங்கு கூடிவிடும். வெளிர் நிறக் கரைசலில் அது தெரியாது. அடர்ந்த நிறமுள்ள கரைசலில்தான் அளவு குறைந்து காட்டும். அதாவது நார்மலான குழந்தைக்குச் சரியாகவும் மஞ்சள் முற்றிய குழந்தைக்குத் தப்பாகவும் மெஷின் பேசிக்கொண்டிருந்தது. லேம்பை மாற்றினோம். 15.1.

அதோடு வேலை முடியவில்லை. இருட்டில் குளிர்ப்பதனத்தில் வைத்திருந்த அந்த வாரத்துச் சாம்பிள்களை எடுத்துத் திரும்ப ஓட்டினோம். 17.1 என்று ரிப்போர்ட் போயிருந்த ஒரு குழந்தைக்கு இப்போது 18.6. பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதோடு இந்த எண்ணைச் சேர்த்து வைத்துத்தான் குழந்தையை விளக்கடியில் போடுவதா, ரத்தத்தை மாற்றுவதா என்று மருத்துவர் முடிவெடுக்கிறார். எல்லை மீறிய பிலிருபின் மூளைக்குள் போனால் காது கேளாமை, கைகால் இயக்கக் கோளாறு என்று ஆயுசுக்கும் நின்றுவிடும். வார்டுக்கு நானே போன் செய்தேன். குழந்தை ஏற்கெனவே விளக்கடியில் இருந்தது. நல்லவேளை. நம் லேப் அன்று தப்பித்தது அந்த மருத்துவரின் கண்ணால், நம் ரிப்போர்ட்டால் அல்ல. உங்கள் புதிய முறை அப்போதே இருந்திருந்தால் உயர் கன்ட்ரோலே இருந்திருக்காது. லேம்ப் முழுதாக அணையும் வரை எங்களுக்குச் சேதி தெரிந்திருக்காது.

அடுத்து, அந்த மூன்று தடவை. இதை எழுதியவர் லேபில் நின்று வேலை பார்த்தவராக இருக்க முடியாது. மெஷின் உண்மையிலேயே 2 எஸ்.டி. அளவுக்கு நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலையில் கன்ட்ரோல் 2 எஸ்.டி. எல்லைக்குள் விழ ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மூன்று தடவை ஓட்டினால் ஒரு தடவையாவது உள்ளே விழ 87.5 சதவீதம். கெட்டுப்போன மெஷினை எட்டில் ஏழு தடவை "நன்றாக இருக்கிறது" என்று சொல்ல வைக்கும் விதிக்குத் தரக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். காசைச் சுண்டி, தலை விழும் வரை சுண்டிக்கொண்டே இருப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எங்கள் பக்கத் தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். கன்ட்ரோலுக்காக ரீஏஜென்ட் என்ற பரிசோதனை ரசாயனம் வீணாகிறது, ரிப்போர்ட் தாமதமாகிறது என்ற உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2 எஸ்.டி. தாண்டினாலே அவுட் என்று வெகுகாலம் வேலையை நிறுத்தினோம். மெஷின் முழு ஆரோக்கியமாக இருந்தாலும் இருபதில் ஒரு தடவை கன்ட்ரோல் அந்தக் கோட்டைத் தாண்டத்தான் செய்யும்; இரண்டு கன்ட்ரோல் ஓட்டினால் பதினொன்றில் ஒரு தடவை. இத்தனை பொய் அலாரம் கேட்டால் யாருக்குமே காது மரத்துப்போகும். இதற்குத்தான் 1981-ல் வெஸ்ட்கார்டும் அவருடைய சகாக்களும் பல விதிகளைச் சேர்த்து ஒரு முறை கொடுத்தார்கள். ஒரு புள்ளி 2 எஸ்.டி. தாண்டினால் எச்சரிக்கை மட்டும். 3 எஸ்.டி. தாண்டினால் நிறுத்து. அடுத்தடுத்த இரண்டு ஒரே பக்கம் 2 எஸ்.டி. தாண்டினால் நிறுத்து. நாலு புள்ளி ஒரே பக்கம் 1 எஸ்.டி. தாண்டினாலோ, பத்துப் புள்ளி சராசரிக்கு ஒரே பக்கம் நின்றாலோ காரணத்தைத் தேடு. அந்த பிலிருபின் சார்ட்டைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை நாலு புள்ளியும் 14.5-க்குக் கீழே, கடைசி இரண்டும் 14.0-க்குக் கீழே. இரண்டு விதிகள் மணியடித்திருக்கின்றன. நம் சாஃப்ட்வேரிலேயே இந்த வசதி இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதை ஆன் செய்யவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

60 நிமிடக் கெடுவுக்கு வருகிறேன். ரிப்போர்ட் தானாக வெளியாவதை நான் எதிர்க்கவில்லை. நல்ல விதிகளை எழுதிப் போட்டால் நூற்றில் எண்பது ரிப்போர்ட் மனிதக் கை படாமலே போகலாம். நீங்கள் செய்திருப்பது வேறு. விதி எதையும் எழுதாமல் ஆளை மட்டும் எடுத்திருக்கிறீர்கள்.

போன மாதம் ஓர் இரவுப் பணியில் பொட்டாசியம் 7.8 என்று ஒரு சாம்பிள் வந்தது. இதயம் நின்றுபோகக்கூடிய அளவு. உடனே வார்டுக்குப் போன் போட வேண்டிய எண். ஆனால் பக்கத்து வரியில் கால்சியம் 4.1. அதற்குக் கீழே ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி அதலபாதாளத்தில். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்ததுமே கை தானாகக் குழாயைத் தேடிப் போயிற்று. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க இ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு இருக்கும். சீரத்துக்கான குழாயில் ரத்தம் போதாமல் போனபோது யாரோ ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். உப்பில் இருந்த பொட்டாசியம் எண்ணை ஏற்றிவிட்டது. இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது, அந்த நொதி வேலை செய்யத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் கூடக் கட்டிப்போட்டது. வார்டில் கேட்டபோது நோயாளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். திரும்ப எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.2. முதல் எண்ணை நம்பி, இல்லாத பொட்டாசியத்தைக் குறைக்க மருந்து கொடுத்திருந்தால், நார்மலாக இருந்த அளவு பாதாளத்துக்கு இறங்கியிருக்கும். மெஷினுக்கு அன்று எந்தக் கோளாறும் இல்லை. கன்ட்ரோலும் அச்சாக இருந்தது. குழாய்க்குள் இருந்ததை அது ஒழுங்காகத்தான் அளந்தது.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேற்று எம்.சி.வி. 88 இருந்தவருக்கு இன்று 71 என்று வந்தால் அது அவர் ரத்தம் இல்லை. ரத்தம் ஏற்றியிருந்தாலொழிய சிவப்பணுவின் சராசரி அளவு ஒரே ராத்திரியில் அப்படி மாறாது. லேபிளை முன்கூட்டியே அச்சடித்து வைத்துக்கொண்டு படுக்கை படுக்கையாக ஒட்டிக்கொண்டு போனதில் இரண்டு பேர் இடம் மாறிவிட்டார்கள். முந்தைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடும் ஆளோ, ஒப்பிடும் விதியோ இருந்தால்தான் இது தெரியும். லேப் பிழைகளில் பெரும்பங்கு மெஷினுக்கு வெளியேதான் நடக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஊசி குத்தும் இடத்தில், குழாய் மாற்றும் இடத்தில், சாம்பிள் வெயிலில் காத்துக்கிடக்கும் இடத்தில். அந்தப் பிழைகளைப் பிடிக்கும் கடைசி வாசலைத்தான் நேர மிச்சத்துக்காக அடைக்கிறீர்கள்.

கடைசியாக வெளித்தர ஒப்பீடு. உங்கள் முடிவுகளிலேயே என்னை மிகவும் புண்படுத்தியது இதுதான். சீனியர்கள் இருவர் என்று நீங்கள் சொல்லும் இருவரில் நானும் ஒருத்தி. அதனால் எனக்குப் பெருமை வரும் என்று நினைத்திருப்பீர்கள். வரவில்லை.

ஒரு காலத்தில் இதை எப்படிச் செய்தோம் என்று உங்களுக்குத் தெரியுமா? மாதிரி வந்ததும் மெஷினுக்குக் குளியல் போடாத குறைதான். புதுக் கேலிபரேஷன், புது ரீஏஜென்ட், ஐந்து தடவை ஓட்டிச் சராசரி. அப்படியும் பயம் தீராமல் வேறு லேபில் இருக்கும் தெரிந்தவருக்குப் போன்: "உங்களுக்கு கால்சியம் எவ்வளவு வந்தது?" மற்ற லேப்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகினோம் என்று சொல்லும் இசட் ஸ்கோர் 0.2, 0.4 என்று அழகாக வரும். கோப்பில் போட்டு வைப்போம். அது எங்கள் லேபின் தரத்தைச் சொல்லவில்லை. எங்கள் போன் பழக்கத்தைச் சொன்னது.

ஒரு முறை நாங்கள் இருவருமே விடுப்பில் இருந்தபோது, பணியில் இருந்த பையன் அந்த மாதிரியை மற்றச் சாம்பிள்களின் நடுவே வைத்து, ஒரே தடவை ஓட்டி அனுப்பிவிட்டான். கால்சியத்துக்கு இசட் ஸ்கோர் மைனஸ் 3-ஐத் தாண்டிவிட்டது. எங்கள் கன்ட்ரோல்களோ எல்லா நாளும் சராசரிக் கோட்டின் மேல். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். மூன்றாம் நாள் 5 மில்லி பிப்பெட்டால் தண்ணீரை எடுத்துத் தராசில் நிறுத்தேன். 4.7 கிராம். திரும்பவும் 4.7. மெஷினுக்கு அளவு கற்றுக்கொடுக்கும் கேலிபரேட்டர் பொடியைக் கரைப்பது அந்தப் பிப்பெட்டால்தான். தண்ணீர் குறைந்ததால் கேலிபரேட்டர் அடர்த்தியாகி, நோயாளிகளுக்கெல்லாம் ஆறு சதவீதம் குறைவாக ரிப்போர்ட் போய்க்கொண்டிருந்தது. கன்ட்ரோல் ஏன் கத்தவில்லை? அந்தப் பொடியையும் இதே பிப்பெட்டால்தான் கரைத்தோம். ஒரு தப்பு இன்னொரு தப்பைக் கச்சிதமாக மறைத்துவிட்டது. திரவமாகவே வந்த வெளி மாதிரிதான் குட்டை உடைத்தது, அதுவும் அந்தப் பையன் அதைச் சாதாரணச் சாம்பிளாக நடத்தியதால். நான் பணியில் இருந்திருந்தால் போனை எடுத்திருப்பேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்களே, அந்த ஐ.எஸ்.ஓ. 15189 என்ற மருத்துவ லேப் தரநிலை 2012 பதிப்பிலேயே சொன்னது இதுதான்: ஒப்பீட்டு மாதிரியை வழக்கமாக அந்த வேலையைச் செய்பவர்களே, நோயாளிகளின் சாம்பிளைப் போலவே கையாள வேண்டும், விடையை அனுப்பும் முன் மற்ற லேப்களோடு பேசக் கூடாது. நோயாளிக்கு ஆபத்து வரக்கூடிய பிழை தெரிந்தால் வேலையை நிறுத்தி ரிப்போர்ட்டைப் பிடித்துவைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. சான்றிதழைக் கழற்றுங்கள், அல்லது சுற்றறிக்கையைக் கிழியுங்கள். இரண்டும் ஒரே கட்டடத்தில் தொங்குவது சரியல்ல.

செலவைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. ரத்த அணு எண்ணும் மெஷினில் நோயாளிகளின் எம்.சி.வி.யையே இருபது இருபதாகச் சேர்த்துச் சராசரி பார்த்து மெஷினைக் கண்காணிக்கும் முறை 1974-லிருந்தே இருக்கிறது. புல் என்பவர் சொன்னது. தனிக் குப்பி தேவையில்லை, மெஷினிலேயே அந்த மெனு இருக்கிறது. நிலையாக ஓடும் பரிசோதனைக்குக் கன்ட்ரோலைக் குறைத்து, ஆட்டம் காணும் பரிசோதனைக்குக் கூட்டலாம். எது நிலையானது, எது ஆடுகிறது என்பது ஆறு மாதச் சார்ட்டைப் பார்த்தால் தெரியும். அந்தக் கணக்கை என் விடுமுறை நாளில் உட்கார்ந்து போட்டுத் தர நான் தயார். எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் கத்தரி போடுவதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் கேட்பவை இவை. திங்கட்கிழமைச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். குறைந்தபட்சம் இரண்டு லெவல் கன்ட்ரோல் தினமும் ஓட வேண்டும். குழந்தைகளின் பிலிருபின், பொட்டாசியம் போன்ற எலெக்ட்ரோலைட்டுகள், இதயப் பாதிப்பைக் காட்டும் ட்ரோப்போனின் ஆகியவற்றில் பேச்சுக்கே இடமில்லை. "மூன்று தடவை" விதியை எடுத்துவிட்டு, சாஃப்ட்வேரில் இருக்கும் பல்விதி முறையை ஆன் செய்ய அனுமதி கொடுங்கள். கன்ட்ரோல் தவறினால் காரணம் கண்டுபிடித்து எழுதும் வரை, பணியில் இருக்கும் டெக்னீஷியன் ஜூனியராக இருந்தாலும், அந்தப் பரிசோதனையை நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இருக்கட்டும். அதற்காக விளக்கக் கடிதம் கேட்கப்படாது என்று எழுத்தில் கொடுங்கள். முந்தைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுதல், சீரத்தில் அணுக்கள் உடைந்திருப்பதைக் காட்டும் அளவு, பொட்டாசியம்-கால்சியம் பொருத்தம் ஆகிய விதிகளை எழுதி, சோதித்துப் பார்த்து முடிக்கும் வரை தானியங்கி வெளியீட்டை நிறுத்திவையுங்கள். வெளித்தர மாதிரியை அன்றைக்குப் பணியில் இருப்பவரே ஒரு தடவை மட்டும் ஓட்டட்டும். மதிப்பெண் குறைந்தால் யாரையும் திட்டாமல் என்னையும் அவரையும் உட்காரவைத்துக் காரணம் கேளுங்கள். பிப்பெட்டுகளை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடை போட்டுச் சரிபார்க்க அரை நாள் ஒதுக்குங்கள்.

புதன்கிழமைக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். அதுவரை என் பணி நேரத்தில் இரண்டு கன்ட்ரோலும் ஓடும், அவுட் ஆனால் ரிப்போர்ட் நிற்கும். அப்படியும் போகட்டும் என்று நீங்கள் முடிவெடுத்தால், அந்த முடிவை எடுப்பவர் தன் பெயரை ரிப்போர்ட்டில் போட்டுக்கொள்ளட்டும். என் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பயோகெமிஸ்ட்ரி பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் ஒரு மூத்த டெக்னீஷியன்